ஹாலில் கார் குடியேறிய வரலாறு

பாதுகாத்தல் என்னும் அருங்கலையில் உலகம் இதுவரை கண்ட மேதைகளை எண்ண ஒரு கை போதும். அந்தக் கையில் கட்டைவிரல் நம்முடைய கண்காணிப்பாளர்தான். இதில் மிகை எதுவும் இல்லை. இருபத்தேழு வருஷமாக அவர் ஒரு பெரிய ஆபீசின் ஆவணக் காப்பறைக்குப் பொறுப்பு. அந்த இருபத்தேழு வருஷத்தில் அவர் காவலிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போனது கிடையாது. வெள்ளம் வந்த வருஷம்கூடப் போகவில்லை. நனைந்தபடி உள்ளேயே கிடந்தது. கறையான்கள் சில கோப்புகளைச் சாப்பிட்டது உண்மைதான். ஆனால் உள்ளேயே இருந்து சாப்பிட்டன, வெளியே எடுத்துக்கொண்டு போகவில்லை. மேலிடத்துக்கு எழுதிய விளக்கத்தில் அவர் இந்த வேறுபாட்டை அடிக்கோடிட்டுக் காட்டியிருந்தார். மேலிடமும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று ஏற்றுக்கொண்டது.

காப்பறையில் ஒரு கோப்பு வேண்டுமென்றால் "எடுப்புச் சீட்டு" என்று ஒரு இளஞ்சிவப்புச் சீட்டை நிரப்ப வேண்டும். எடுக்கும் பொருள், நோக்கம், திருப்பும் தேதி. மொத்தமே மூன்று கட்டம்தானே, நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து வருவார்கள். வந்தவர்களில் சிலருக்கு அங்கேயே தலை நரைத்தது. ஒருமுறை ஒரு மனிதர் தன் சொந்தப் பிறப்புப் பதிவைக் கேட்டு வந்தார். நோக்கம் என்ற இடத்தில் "என் வயது தெரிய" என்று எழுதியிருந்தார். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இத்தனை நாள் தெரியாமலேயே சமாளிச்சிட்டீங்களே, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவைத்தார். ஆபீசில் அவருக்குப் "பூட்டு" என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டு ஒருத்திக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கணவர் அவளை "இந்தா" என்பார், கல்லூரியில் படிக்கிற மகள் "அம்மா" என்பாள். அவளுடைய அக்கா மட்டும் "சின்னவளே" என்று கூப்பிடுவாள். அதுதான் கேட்க நன்றாக இருக்கிறது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தாய் போனபின் சின்னவளைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அவள் இருப்பது பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரம். போன வருஷக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, உள்ளே ஸ்டீல் வைத்து, படுக்கையில் போட்டுவிட்டார்கள்.

"பக்கத்துல ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போ. எழுந்து நடந்துடுவேன். வேற ஒண்ணும் கேட்கலை" என்றாள் அக்கா போனில்.

அன்றைக்கே சின்னவள் பையைக் கட்டிவிட்டாள். நாலு மாற்றுத்துணி, ஒரு தைலப் பாட்டில், அக்காவுக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளிச் சால்வை. செருப்பை மாட்டிக்கொண்டு பையும் கையுமாக வாசலுக்கு வந்தபோது கண்காணிப்பாளர் தடுத்தார்.

"பஸ்ஸுல எதுக்கு இடிபட்டுக்கிட்டுப் போறே. இரு. கார் வருது."

கல்யாணமான புதிதில் அவர் சொன்ன வாக்கு அது: உன்னைக் காரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவேன் என்று. இருபத்திரண்டு வருஷம் கழித்தாவது மனிதருக்கு ஞாபகம் வந்ததே என்று சின்னவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கார் வந்தது. லாரியில் வந்தது.

பாலாடை நிறம், இரண்டே கதவு, பொம்மைக்கு வைத்தது மாதிரி முன்னால் இரண்டு உருண்டை விளக்கு. அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. ஒரு பல் டாக்டர் அதை ஆசையாக வாங்கி, நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்து, பயந்துபோய்ப் படுதா போட்டு மூடி, நாற்பத்தெட்டு வருஷம் அப்படியே வைத்திருந்தார். கண்காணிப்பாளர் அப்பா வழியில் வந்த மனையை விற்று அதை வாங்கினார். உலகத்தில் மிஞ்சியிருப்பது மொத்தமே ஒன்பதுதானாம். அவற்றிலும் மீட்டரில் வெறும் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டுமே காட்டுவது இது ஒன்றுதானாம்.

"ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமேங்க, லாரி எதுக்கு?" என்றாள் சின்னவள்.

"ஓட்டினா அறுநூத்திப் பதிமூணு ஆயிடுமே" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அந்த இடத்திலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று பையைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாள்.

வீட்டை ஒட்டித் தகரக்கூரை போட்ட கார் ஷெட் ஒன்று முன்னமே இருந்தது. காரைப் பார்த்தபின் ஷெட்டைப் பார்த்த கண்காணிப்பாளருக்கு மனசு வரவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, ஹாலின் முன்சுவரை இடிக்க வேண்டும் என்றார். கொத்தனார் முப்பது வருஷ அனுபவசாலி. இடிக்கச் சொன்னால் முதலில் ஏன் என்று கேட்கிறவர்.

"ஷெட் பக்கத்துலயே இருக்கே சார்."

"ஷெட் ஒழுகுது."

"ஒழுகினா அடைச்சிடலாம் சார். அரை நாள் வேலை."

"ஷெட்டுல எலி இருக்கு."

"அப்ப வீட்டுல?"

"வீட்டுல மனுஷங்கதான் இருக்காங்க. அவங்களுக்கு எடுத்துச் சொன்னாப் புரியும்."

கொத்தனார் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தரையைப் பார்த்தாள். மறுநாள் சுவர் இடிந்தது. அந்த இடத்தில் கடைகளில் இருப்பது போல ஒரு இரும்பு ஷட்டர் முளைத்தது, வாசல்படி போய்ச் சரிவுப் பாதை வந்தது. அந்த வீடு தெருவின் உச்சியில், தெருவையே நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கிற வீடு. ஷட்டரைத் தூக்கினால் தெரு முழுதும் கீழே இறங்கிப் போவது தெரியும். முடிகிற இடத்தில் பஸ் ஸ்டாப், அதை ஒட்டி யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்த மணல் குவியல். அக்கா ஊருக்குப் போகிற பஸ் தினமும் பதினொன்றரைக்கு அங்கே வந்து நிற்கும். சின்னவள் அதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பாள்.

வேலை முடித்துப் போகும்போது கொத்தனார் ஒன்று சொன்னார்.

"தரையைக் கழுவிவிட்டாத் தண்ணி வெளியே ஓடணும்னு வாசப்பக்கம் கொஞ்சம் சரிவா போட்டிருக்கேன் சார். டயருக்கு ஒரு கட்டை கொடுத்தே வெச்சிருங்க." ஒரு மரக்கட்டையையும் தானே கொடுத்துவிட்டுப் போனார்.

கார் ஹாலில் குடியேறியது. சோபா ஷெட்டுக்குப் போயிற்று. சோபா போனபின் டி.வி.க்கு அங்கே வேலையில்லை, அதுவும் போயிற்று. பிறகு கண்காணிப்பாளர் ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினார். நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் காரின் தோல் இருக்கைக்கு ஆகாதாம். சமையலறையில் கொதிக்கிற தண்ணீரின் ஆவியால் முள் ஐம்பத்திரண்டுக்குப் போனதைக் கண்டுபிடித்த அன்று அடுப்பு ஷெட்டுக்குப் போயிற்று. படுக்கையறைக்கு ஹால் வழியாகத்தான் போக வேண்டும். நடந்தால் தூசி. எனவே கட்டில்களும் போயின. மனித மூச்சிலும் ஈரம் உண்டு என்று ஒரு பத்திரிகையில் படித்தபின், ஹாலில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் மூச்சு விடக் கூடாது, அதுவும் பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். கீழே "உத்தரவுப்படி" என்று போட்டுத் தானே கையெழுத்தும் வைத்தார்.

ஆக, காருக்காகக் கட்டின ஷெட்டில் குடும்பமும் குடும்பத்துக்காகக் கட்டின ஹாலில் காரும் நிம்மதியாகக் குடியிருந்தன. மழை வந்தால் ஷெட்டில் ஆறு இடத்தில் ஒழுகும். மகள் ஆறு பாத்திரங்களை வைத்து, ஏழாவது சொட்டுக்குத் தன் தலையைக் கொடுத்துப் பரீட்சைக்குப் படித்தாள்.

"அம்மா, நான் நாலு சக்கரத்தோட பிறந்திருக்கணும்" என்றாள்.

"வாயை மூடுடி. அப்பா காதுல விழுந்தா அதையும் உண்மைன்னு எடுத்துப்பார்."

வீட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போனார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

"அடுப்பு எங்கம்மா இருக்கு?"

"ஷெட்டுல."

"அப்ப ஷெட்டுல இருக்க வேண்டிய கார்?"

"ஹால்ல."

"ஹால்ல இருந்தவங்க?"

"நான்தாங்க அது" என்றாள் சின்னவள். அவர் சிலிண்டரை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் போனார்.

கண்காணிப்பாளர் ஆபீஸ் போனபின் காருக்குக் காவல் சின்னவள்தான். இரண்டு மணிக்கொரு தரம் முள்ளைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மெத்தென்ற துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் பெயிண்டுக்கு மனசு வருத்தமாம். இதற்கிடையில் அக்காவின் போன் வரும்.

"கார் வந்துடுச்சுன்னியே, எப்படி வரப்போறே?"

"கார் வீட்டுக்குள்ள இருக்குக்கா."

"வீட்டுக்குள்ள இருந்தா என்ன, வெளிய எடுத்துட்டு வா."

"அது வெளிய வராதுக்கா."

"ஏன், ரிப்பேரா?"

"இல்லைக்கா. ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான்."

அக்கா அதற்கு மேல் காரைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு, "நேத்து வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நாலடி வெச்சேன். நீ பக்கத்துல இருந்திருந்தா அஞ்சு வெச்சிருப்பேன்" என்றாள். போனை வைத்துவிட்டுச் சின்னவள் அந்த ஒரே திசைத் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை கணவரிடம் வாய்விட்டுக் கேட்டாள். எதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று சொல்லி, அவர் ஆபீஸ் பையிலிருந்து இளஞ்சிவப்புச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பொண்டாட்டி அக்காவைப் பார்க்கப் போறதுக்குச் சீட்டாங்க?"

"உனக்கு மட்டும் விலக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க."

"எல்லாரும்னா யாருங்க?"

கண்காணிப்பாளர் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்கலை. இப்படியே இருக்கணும்னுதான் சொல்றேன்."

முதல் சீட்டில் சின்னவள் இப்படி எழுதினாள். எடுக்கும் பொருள்: கார். நோக்கம்: அக்காவைப் பார்க்க. திருப்பும் தேதி: அன்றைக்கே. "அன்றைக்கே என்பது தேதி அல்ல" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. தேதி போட்டுக் கொடுத்தாள். "அக்கா என்பதற்குச் சான்று இணைக்கவும்" என்று வந்தது. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே போட்டோவை இணைத்தாள். "படத்தில் இருவர் உள்ளனர். விண்ணப்பதாரர் யார் எனக் குறிக்கவும்." தன் தலைக்கு மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தாள். "இணைப்பு சேதப்படுத்தப்பட்டுள்ளது" என்று போட்டோ திரும்பி வந்தது.

பிறகு அவள் காரை விட்டுவிட்டாள். காரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பஸ்ஸிலேயே போகிறேன், என்னை விட்டால் போதும் என்று ஐந்தாவது சீட்டில் எடுக்கும் பொருள் என்ற இடத்தில் "நான்" என்று எழுதினாள். "மாற்றுக் காவல் ஏற்பாடு இல்லை." மகள் பார்த்துக்கொள்வாள் என்று ஆறாவது சீட்டு. "மகளுக்குப் பயிற்சி இல்லை." பயிற்சி கொடுத்தாயிற்று என்று ஏழாவது. "பயிற்சி அளித்தவருக்குப் பயிற்சி அளிக்கும் தகுதி உண்டா?" எட்டாவது சீட்டு பரிசீலனையில் இருந்தது.

எழுந்து போய்விடலாமே, யார் கையைப் பிடித்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மகளும் அதைத்தான் கேட்டாள். போன பிறகு காரில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாரே என்றாள் சின்னவள். இருபத்திரண்டு வருஷம் ஒரு காப்பறையில் இருந்தால் கோப்புக்கும் கதவு எது என்று மறந்துபோகும்.

இந்த நிலையில்தான் பழங்கார்ப் பாதுகாப்புச் சங்கத்தினர் வந்தார்கள். "முழு அசல்" என்ற சான்றிதழ் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் பிறகு அந்தக் கார் கார் அல்ல, நினைவுச்சின்னம். வந்தவர்கள் இரண்டு பேர். தலைவர் ஓய்வுபெற்ற எலும்பு டாக்டர், பூதக்கண்ணாடி வைத்திருந்தார். செயலாளரிடம் தடிமனான பதிவேடு இருந்தது. இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றி, காலுறை மாற்றி, வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். இரண்டு பேருக்கு மேல் மூச்சு விடக் கூடாது என்பதால் கண்காணிப்பாளர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

எலும்பு டாக்டர் என்றதும் சின்னவளுக்கு ஆசை வந்துவிட்டது. மெல்லப் பக்கத்தில் போனாள்.

"டாக்டர், இடுப்பு எலும்பு உடைஞ்சவங்க எத்தனை நாள்ல நடப்பாங்க?"

"எந்த வருஷத்து மாடல்?" என்றார் தலைவர், பூதக்கண்ணாடியை எடுக்காமலே.

"வயசு அறுபத்து மூணுங்க."

"ஒரிஜினல் பாகமா, மாத்தினதா?"

"உள்ள ஸ்டீல் வெச்சிருக்காங்க."

"அப்ப முதல் தரம் கிடைக்காதும்மா" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

ஆய்வு ஒன்றரை மணி நேரம் நடந்தது. இயற்கை வெளிச்சத்தில் பெயிண்டைப் பார்க்க வேண்டும் என்று ஷட்டரை முழுதும் தூக்கச் சொன்னார்கள். மீட்டரைப் பார்த்து "612" என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். கடைசியில் இருக்கை ஸ்பிரிங் சோதனை பாக்கி. கம்பெனி கொடுத்த பழைய கையேட்டில், ஓட்டுநர் இருக்கையை அறுபது கிலோ எடையுள்ள ஆளை வைத்துச் சோதிக்கவும் என்று இருந்தது.

தலைவர் தொண்ணூறு கிலோ. செயலாளர் எண்பது. கண்காணிப்பாளர் மூச்சு விட்டால் எழுபத்தெட்டு. மகள் ஷெட்டிலிருந்து எடை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தாள். சின்னவள் ஏறி நின்றாள். ஐம்பத்து நாலு.

"ஆறு கிலோ குறையுது" என்றார் செயலாளர், குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில்.

"இந்தா, ஆறு கிலோவுக்கு ஏதாவது எடுத்து மடியில வெச்சுக்கோ" என்றார் கண்காணிப்பாளர்.

சின்னவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஷெட்டுக்குப் போய்க் கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பையை எடுத்து வந்தாள். கருவி ஐம்பத்தொன்பதைக் காட்டியது.

"செருப்பையும் பையில போட்டுக்கோம்மா" என்றாள் மகள். "பர்ஸையும் வெச்சுக்கோ. சரியா வரும்." தன் படிப்பு மேசையிலிருந்து அந்த இளஞ்சிவப்புச் சீட்டுக் கட்டையும் பேனாவையும் எடுத்துப் பைக்குள் திணித்தாள். முள் அறுபதில் போய் நின்றது.

இப்படித்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு நிறைவேறியது. சின்னவள் காரில் உட்கார வைக்கப்பட்டாள், "சோதனை எடை" என்ற பெயரில். ஸ்பிரிங் சத்தமில்லாமல் இறங்கியது. தலைவர் தரையோடு தரையாகப் படுத்துச் சக்கரத்தைப் பார்த்தார்.

"இது என்ன கட்டை? கம்பெனி கொடுத்ததா?"

"இல்லைங்க, கொத்தனார் கொடுத்தது."

"அசல் இல்லாத பொருள் வண்டியைத் தொட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. எடுங்க."

"ஹேண்ட் பிரேக் போட்டுத்தாங்க இருக்கு. நாற்பத்தெட்டு வருஷமா யாரும் கை வைக்காத பிரேக்" என்றார் கண்காணிப்பாளர் பெருமையோடு. குனிந்து, தன் கையாலேயே கட்டையை எடுத்தார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. செயலாளர், ஹாலின் சுவர் பின்னால் போகிறதோ என்றுதான் நினைத்தார். சுவர் அங்கேயேதான் இருந்தது. கார் சரிவுப் பாதையில் மெல்ல இறங்கி, வாசலைத் தாண்டி, தெருவுக்கு வந்து, கீழே போகத் தொடங்கியது. இன்ஜின் இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை. அவ்வளவு நாகரிகமாக ஒரு கார் அந்தத் தெருவில் போனதே கிடையாது.

சின்னவள் கீழே தெரிந்ததையெல்லாம் மிதித்துப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். காய்கறி வண்டிக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். நடுவிலிருந்த பொத்தானை அழுத்தினாள். நாற்பத்தெட்டு வருஷமாக ஊமையாக இருந்த ஹாரன் வாத்து மாதிரி ஒருமுறை கத்தியது. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் முகத்தில் காற்று பட்டது, முன்னால் பஸ் ஸ்டாப் பெரிதாகிக்கொண்டே வந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீட்டரில் இரண்டு மெல்ல உருண்டு மூன்று ஆனது. மணல் குவியலில் மூக்கை வைத்து, ஒரு பெருமூச்சோடு கார் நின்றது.

பின்னால் மூன்று பேரும் காலுறையோடு ஓடிவந்தார்கள். கண்காணிப்பாளர் முதலில் வந்து சேர்ந்தார். வந்ததும் முன்பக்கம் குனிந்தார்.

"எங்கேயாவது அடிபட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்றாள் சின்னவள்.

அவர் விரலை எச்சில் தொட்டு பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கீறல் இல்லை என்று தெரிந்தபின் நிமிர்ந்து, கண்ணாடி வழியே மீட்டரைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"பதிமூணு" என்றார்.

"பதறாதீங்க. இந்த மாடல் மீட்டர் பின்னாடி போனாக் குறையும். பின்பக்கமாவே மேல தள்ளிக்கிட்டுப் போனா மறுபடி பன்னெண்டு ஆயிடும். நாங்க பதிவு பண்ணினதும் பன்னெண்டுதான். அப்ப வண்டி வெளியவே வரலைன்னு அர்த்தம்" என்றார் தலைவர்.

கண்காணிப்பாளருக்குப் போன உயிர் வந்தது. மூவரும் மணலில் முட்டிபோட்டு பம்பருக்குத் தோள் கொடுத்தார்கள். சோதனை எடை இறங்கியாக வேண்டும் என்றார் செயலாளர். சின்னவள் இறங்கினாள், பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்போது பதினொன்றரை பஸ் வந்து நின்றது.

கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, காரின் மேலேயே வைத்து எழுதினாள். எழுதினதை வைப்பருக்கு அடியில் செருகினாள்.

"நான் போயிட்டு வரேங்க."

"இந்தா, இப்படி வந்து ஒரு கை பிடி" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

சின்னவள் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தாள்.

காரை மேலே கொண்டுசேர்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாசலைத் தொட்டபோது மீட்டரில் மூன்று மனமிரங்கிப் பழையபடி இரண்டானது. தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே "முழு அசல்" சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், "ஓட்டுநர் இருக்கை ஸ்பிரிங் அறுபது கிலோவைத் தாங்கியது, சோதனை எடை உடன் அகற்றப்பட்டது" என்று செயலாளர் எழுதினார்.

அவர்கள் போனபின்தான் கண்காணிப்பாளர் வைப்பரில் இருந்த சீட்டைப் பார்த்தார். ஒன்பதாவது சீட்டு. எடுக்கும் பொருள்: நான். நோக்கம்: அக்கா அஞ்சாவது அடி வைக்க. திருப்பும் தேதி என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை.

மூன்று தடவை படித்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார் என்று மகள் சொல்கிறாள். ஆனால் இருபத்தேழு வருஷ அனுபவம் கைவிடுமா? சிவப்புப் பேனாவைத் திறந்து, "திருப்பும் தேதி குறிக்கப்படவில்லை. நிராகரிக்கப்பட்டது" என்று எழுதி, கையெழுத்து வைத்து, நூல் கோத்துக் கோப்பில் கட்டினார். கட்டி முடித்ததும் முகம் தெளிந்துவிட்டது.

நாலு மணி நேரத் தூரத்தில் அக்கா அஞ்சாவது அடியை வைத்தாள். அப்புறம் ஆறாவதும் வைத்தாள். பத்து நாள் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது இருவரும் சாயங்காலத்தில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்களாம். மகளும் ஒருநாள் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் சீட்டு எழுதவே இல்லை. சீட்டே எழுதாதவள் எப்படி வெளியே போயிருக்க முடியும்?

ஆகவே, பாதுகாத்தல் கலையின் அந்த மேதையுடைய சாதனையில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. கார் வெளியே போகவில்லை, மீட்டர் சாட்சி. மனைவி வெளியே போகவில்லை, கோப்பு சாட்சி. தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் ஷெட்டுப் பக்கம் திரும்பி "இந்தா" என்று ஒருமுறை கூப்பிடுகிறார். கொஞ்ச நேரம் நின்று கேட்கிறார். பிறகு ஹாலுக்குப் போய், முள்ளைப் பார்த்து, பதிவேட்டில் அன்றைய வரியை எழுதுகிறார்: "ஈரம், கண்ணீர், மூச்சு எதுவும் இல்லை. நிலைமை திருப்திகரம்."